இறங்கும் முன் இரண்டு தட்டு

முழங்கால் தேய்ந்து செங்கோடன் மரமேறுவதை விட்டதும், தென்னைகளில் இயந்திரம் ஏறியது. ஒரு பருவம் முழுக்க அவருடைய கையைப் பார்த்தே பழகிய இயந்திரம். அவர் தட்டும் பதத்திலேயே பாளையைத் தட்டியது, அவர் சீவும் அளவிலேயே நுனியைச் சீவியது. பானையில் தெளுவு, அந்த இனிப்புப் பதநீர், ஒரு சொட்டும் குறையவில்லை.

ஆனால் இறங்கும் முன் அது மட்டையில் இரண்டு தட்டுத் தட்டியது.

“அது எதுக்குத் தட்டுது? நான் சொல்லிக் குடுக்கவே இல்லியே!”

“நீங்க எப்பவும் தட்டறதுதானுங்க” என்றாள் மனைவி பாவாத்தாள். “அடுப்பைப் பத்த வெய்யின்னு அர்த்தம். தெளுவு புளிக்கறதுக்குள்ள காய்ச்சோணுமில்ல?”

அப்படித் தட்டியதாக அவருக்கு நினைவே இல்லை. அவளோ மரத்தை அண்ணாந்து பார்த்து, “பத்த வெச்சுட்டேனுங்க!” என்று குரல் கொடுத்தாள்.

“யாருக்குச் சொல்றே புள்ள?”

“உங்களுக்குத்தானுங்க.”

“நான் இங்கதான உக்காந்திருக்கறேன்?”

பாவாத்தாள் அவரையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சர்க்கரை காய்ச்ச வாணலியை அடுப்பில் ஏற்றப் போய்விட்டாள்.

அன்றிரவு முழுக்க செங்கோடனுக்கு அதே யோசனை. காலையில் அவள் சமையல்கட்டில் இருந்தபோது, கைத்தடியை எடுத்துக் கட்டில் காலில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பாவாத்தாள் ஓடி வந்தாள். கட்டிலைத் தாண்டி, அவரைத் தாண்டி வெளியே போனாள். தென்னையடியில் சும்மா நின்ற இயந்திரத்திடம் கேட்டாள்:

“இன்னும் ஏறவே இல்லீங்களே, அதுக்குள்ள அடுப்பு எதுக்குங்க?”