யார் போட்ட ஆணி?

"இதோ, இன்னொண்ணு!"

டயரிலிருந்து இடுக்கியால் பிடுங்கிய ஆணியைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள் சைக்கிள் கடைக்காரரின் மனைவி. குட்டை ஆணி, தட்டைத் தலை. பஞ்சர் ஒட்ட வருகிற சைக்கிளிலெல்லாம் இதே ஜாதிதான்.

"எதிர் சைக்கிள் கடை மீசைதான் ரோட்டுல தூவுறான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். நீங்க என்னடான்னா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கீங்க!"

"கடவுள் பார்த்துப்பார், விடு." தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி தேடியபடியே சொன்னார் அவர்.

"அவர் பார்க்கிறதுக்குள்ள நம்ம பேரு நாறிடும்! ரெண்டு கடைக்காரங்களும் கூட்டுச் சேர்ந்துதான் ஆணி போடுறாங்கன்னு ஊரே பேசுது. போதாக்குறைக்குக் கொஞ்ச நாளா நமக்குப் பஞ்சரும் சரியா வரதில்ல. எல்லாத்தையும் அவனே சுருட்டுறான்."

"கவலைப்பட்டா சரியாயிடுமா?"

"அவன் பொண்ணும் இதே ரோட்டுலதானே சைக்கிள்ல பள்ளிக்கூடம் போகுது? ஒரு நாள் அதுக்குக் குத்தட்டும். விழுந்து முட்டி பேரட்டும். அப்பத் தெரியும் மீசைக்கு!"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கடவுளை நம்பிக்கிட்டே இருங்க. நாளைக்கு அவனைக் கையும் களவுமாப் பிடிச்சு நாலு பேர் முன்னால நிறுத்தலேன்னா, நான் நான் இல்ல!"

மறுநாள் பொழுது புலரும்போதே அவள் கடைக் கதவோரம் ஒளிந்து நின்றாள். கணவர் முன்னமே கிளம்பியிருந்தார். தினமும் இருட்டோடு எழுந்து, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று போவது அவர் வழக்கம்.

'ஊரே பத்தி எரிஞ்சாலும் இவர் நடை மட்டும் நிக்காது' என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

தெருமுனையில் ஓர் உருவம் தெரிந்தது. நிற்பதும் குனிவதுமாக வந்தது. கையில் ஒரு டப்பா. அதற்குள் ஆணிகள் குலுங்கின.

"மாட்டினியா!" என்று பாய்ந்தாள்.

திரும்பிய முகத்தில் மீசை இல்லை.

அவள் கணவர்!

அப்படியானால் ஊர் பேசியது உண்மையா?

"நீங்களுமா?" என்றாள்.

"ஏம்மா கத்துற?" என்றபடி மறு கையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கயிறு. அதன் நுனியில் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். அதில் முள்ளம்பன்றி போல ஆணிகள் சிலிர்த்து நின்றன.

"தினமும் ரோட்டுல இழுத்துப் பொறுக்குறேன். அதான் பஞ்சர் குறைஞ்சிருக்கு."

"கடவுள்கிட்ட விட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

"மீசையைத்தான் அவர்கிட்ட விட்டேன். ஆணியை விடலையே."

அவள் கயிற்றை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, எதிர்க்கடையை நோக்கி விறுவிறுவென நடந்தாள்.

அவர் பதறிப்போனார். "ஏய், விடியறதும் விடியாததுமா சண்டை வேண்டாம்!"

"சண்டைக்கு யார் போறா? அவன் கடைக்கு அந்தப் பக்கம் நீங்க இன்னும் இழுக்கல." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் கிளம்புறதுக்குள்ள முடிச்சாகணும்."