யாரும் தொடாத மிஷின்

பட்டறை வைஸில் கவ்வியிருந்த அலுமினியத் துண்டு மூன்றாவது சுத்தியல் அடியிலேயே வெல்டிங் விட்டுப் போயிற்று.

மஹாதேவன் அதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். உடைந்த இடம் முழுக்கப் பொடிப் பொடித் துளைகள், பிட்ட இட்லி மாதிரி.



காலையில் இதே மிஷினில், இதே கம்பியில்தான் தொங்கு கூண்டில் கயிறு மாட்டும் கொக்கித் தகடுகள் இரண்டுக்கும் வெல்டிங் வைத்திருந்தார். எட்டரைக்கே கூண்டு வேன் ஏறி லேக் கார்டன்ஸ் போய்விட்டது. அங்கே ஒன்பது மாடிக் கட்டடம். மொட்டை மாடியிலிருந்து கூண்டைத் தொங்கவிட்டு, இரண்டு பெயின்டர்கள் அதில் நின்று துர்கா பூஜைக்குள் வெளிச்சுவரை அடித்து முடிக்க வேண்டும்.

இப்போது மணி பத்தரை.

அவர் ஏனோதானோவென்று வேலை செய்கிறவர் இல்லை. இந்த மிக் வெல்டிங் மிஷினை வாங்குவதற்குள் கடைக்காரரை ஒரு வழி பண்ணியிருந்தார். அலுமினியக் கம்பி மெத்தென்றது, பல் வைத்த ரோலர் அதைக் கடித்துக் குதறிவிடும், வழவழப்பான ரோலர்தான் வேண்டும். கம்பி ஓடுவதற்கு டெஃப்ளான் குழாய் வேண்டும். கேஸ் சுத்தமான ஆர்கானாக இருக்க வேண்டும், கலப்பு கூடாது. தேய்க்கிற பிரஷ்கூட இரும்பைத் தொட்டிருக்கக் கூடாது.

மடி சமையல் தோற்றது என்று கேலி செய்தான் ஜெயந்த். அவன் அவருடைய மனைவியின் தம்பி, பட்டறையில் பாதிப் பங்காளி.

முந்தாநாள், பதினாறாம் தேதி சாயங்காலம், வோல்டேஜையும் கம்பி வேகத்தையும் கூட்டிக் குறைத்துப் பதினோரு சோதனைத் துண்டுகளை ஒட்டி உடைத்தார். பன்னிரண்டாவது துண்டு வளைந்தது, உடையவில்லை. மிஷினின் திருகு குமிழ்கள் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை. அன்றைக்குக் கல்கத்தாவில் எந்தப் பட்டறையிலும் ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்க மாட்டார்கள்.

அதனால்தான் இன்று காலை சாக்பீஸ் கோடுகள் அப்படியே இருப்பதைப் பார்த்ததும், சோதனைத் துண்டு போடாமல் நேரே கூண்டில் கை வைத்தார். யாருமே தொடாத மிஷினில் என்ன மாறியிருக்கப் போகிறது?

வெல்டிங் வைக்கும்போது லேசாகச் சடசடத்தது. ஓரத்தில் கொஞ்சம் கரி படிந்தது. பார்க்காமல் இல்லை, பார்த்தார். வாசலில் வேன்காரன் ஹாரன் மேல் ஹாரனாக அடித்துக்கொண்டிருந்தான். துணியால் துடைத்து அனுப்பிவிட்டார்.

அந்தக் கரி மனசை அரித்துக்கொண்டே இருந்ததால்தான் இப்போது இந்தத் துண்டை ஒட்டி உடைத்துப் பார்த்தார்.

மிஷினின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். கம்பிச் சுருளின் மேல் ஒரு சாமந்தி இதழ் கிடந்தது. பக்கத்தில் குங்குமக் கறை. சொட்டு விழுந்த இடமெல்லாம் கம்பி மங்கிப் போயிருந்தது.

நேற்றுப் புரோகிதர் மாவிலையால் கங்கா ஜலம் தெளித்தபோது ஜெயந்த்தான் அந்தக் கதவைத் திறந்து பிடித்தான்.

“உள்ளேயும் கொஞ்சம் படட்டும் அத்திம்பேர், புது மிஷினோன்னோ.”

அவரும் கைகூப்பிக்கொண்டுதான் நின்றார். ஈரம் பட்ட அலுமினியக் கம்பி வெல்டிங்குக்குள்ளே நுரைத்துத் துளை விடும், வெளியே ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் சாமி காரியத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கூண்டோடு போனவன் ஜெயந்த். மாட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

மேஜையில் இருந்த போனை எடுத்து அவனுடைய மொபைல் நம்பரை அழுத்தினார். அவசரத்தில் ராங் நம்பர் போயிற்று. மறுபடியும் அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூண்டை இறக்கு, ஒருத்தரையும் ஏற்றாதே. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

எடுத்துவிட்டான். பின்னால் காற்று இரைந்தது.

“அத்திம்பேர், பெயின்டர்ஸ் ரெண்டு பேரும் ஏறவே மாட்டேன்னுட்டா. புதுக் கூண்டுன்னா பண்ணினவாதான் மொதல்ல ஏறணுமாம், அதான் இவா வழக்கமாம். சரின்னு நானே ஏறிட்டேன். ஒம்பதாம் மாடிலேர்ந்து லேக் முழுக்கத் தெரியறது. ஏக்பார் குதிச்சுக் காட்டச் சொல்றா, ஒரே ஒரு தடவை. லைன்லயே இருங்கோ.”

மஹாதேவன் வாயைத் திறப்பதற்குள் மொபைல் சட்டைப் பைக்குள் போகும் சத்தம் கேட்டது.