தடுப்புக்கு வந்த கவலை

மிதிலா கைக்குழந்தையாக இருந்தபோது கட்டிலில் மாட்டிய, வரிசையாகக் கட்டைகள் வைத்த மரத்தடுப்புக்கு இன்றைக்கும் வாய் ஓயாது. “நான் இல்லேன்னா புள்ள விழுந்துடும்!”

“அவ பள்ளிக்கூடமே போறா. சும்மா இரேன்” என்றது கட்டில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கட்டிலுக்கு உயரமான கால்கள் பொருத்தினார். அடியில் படிக்கிற மேசை வந்தது. தடுப்பைக் கழற்றிவிட்டார்.

“போச்சு! இனி புள்ளைய யார் பாத்துக்குவா?” என்று தடுப்பு அழுதது.

அப்பா அதை நிமிர்த்தி, ஏணியாகக் கட்டிலோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கினார். மிதிலா முதல் கட்டையில் கால் வைத்தாள்.

“ஐயோ, பாத்து!” என்று தடுப்பு நடுங்கியது. அவள் சிரித்துக்கொண்டே உச்சிக்குப் போய்க் கைதட்டினாள்.

“உனக்குப் பயமா இருந்தா அவள இறங்கச் சொல்லட்டுமா?” என்று கேட்டது கட்டில்.

“நீ சும்மா இரு! இன்னொரு தடவை ஏறட்டும்!”