ஈரம் படாத இடம்

கரைமேல் எல்லோரும் ஆற்றைப் பார்த்து நின்றார்கள். அவள் மட்டும் ஊரைப் பார்த்து நின்றாள்.

ஊர் என்று சொல்ல என்ன இருக்கிறது. வீடுகளை இடித்தாயிற்று. தேவாலயத்தின் வடக்குச் சுவர் மட்டும் பாதி நின்றது.

பெல்ஜியத்தில், ஸ்கெல்டே ஆற்றைவிடத் தாழ்ந்து கிடந்த ஊர் அது. தெருவில் நின்றால் கப்பல்கள் கூரைக்கு மேலே போகும். தண்ணீரைப் பார்க்கவே கரையேற வேண்டும். பாட்டன் பூட்டன் கரை போட்டு ஆற்றிடம் பிடுங்கிய மண்.

இப்போது துறைமுகம் பெரிதாகிறது. அங்கே அழித்த சதுப்புக்கு ஈடாக, இந்த மண்ணை ஆற்றுக்கே கொடுக்கிறார்கள்.

இயந்திரம் கரையை உடைத்துவிட்டு ஒதுங்கியது. கடல் ஏறி ஆற்றுக்குள் ஓதம் புகும் நேரம்.

"இனிமே கப்பல்காரன் உன் அடுப்படி வழியாத்தான் போவான், கோதெலீவ். காப்பி போட்டு வை," என்றார் பக்கத்து வீட்டு அல்போன்ஸ்.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

துறைமுகத்து அதிகாரி ஒருத்தி அவளருகே வந்தாள்.

"கல்லறை எல்லாத்தையும் புது எடத்துக்கு மாத்திட்டோம்மா. உங்க வீட்டுக்காரரையும்தான். ஒண்ணுகூட விடல."

"ஒண்ணுகூடவா," என்றாள் அவள்.

ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. அந்தக் காலத்து வழக்கம். அப்பன் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். வடக்குச் சுவருக்கு வெளியே, எங்கோ. தாய் போகக் கூடாது.

தன் பிள்ளையை எங்கே வைத்தான் என்று ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

"ஈரம் படாத எடமாப் பாத்து வெச்சிருக்கேன்," என்றான் கணவன்.

சாகும்வரை அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் காலத்தை ஓட்டினாள். மழை பிடித்துக்கொண்ட நாளெல்லாம் அதைத் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தேடாமலும் இல்லை. கால் ஓயத் தேடினாள். கண்ணுக்கு எல்லாம் ஒரே மட்டம். ஒரு சாண் மேடு எங்கே இருக்கிறதென்று அந்த ஊரில் தண்ணீருக்குத்தான் தெரியும்.

தண்ணீர் வந்தது.

அவசரப்படவில்லை. கிழங்கு வயலை எடுத்துக்கொண்டது. பிறகு சாலையை. பிறகு அவள் அடுப்படியின் சிவப்புத் தரையை. கல்லறைத் தோட்டத்தில் தோண்டிவிட்டுப் போன குழிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன.

சுவருக்கு அப்பால் பரவியது.

அங்கே எல்லாம் முழுகியது. ஓர் இடம் முழுகவில்லை.

முட்புதரை ஒட்டி, ஒரு தொட்டில் அகலத்துக்கு, பச்சைப் புல்.

அவள் கை அல்போன்ஸின் சட்டையைப் பற்றியது.

"என்னாச்சு?"

அவள் அங்கேயே பார்த்தாள். கண்ணிமைக்கவில்லை. நான்கு பக்கமும் தண்ணீர் அந்தப் புல்லை நெருங்கிற்று. ஓரம் நனைந்தது. நடு நனைந்தது.

அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"அது யாரு?" என்றார் அல்போன்ஸ்.

அவள் காட்டிய இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.