புள்ளி விழுந்த முட்டை

முட்டையை உடைத்துக் கோப்பையில் ஊற்றினாள்.

கோப்பையைச் சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. பெரிய கிண்ணத்தில் சரித்தாள்.

அடுத்ததை எடுத்தாள். உடைத்தாள். தூக்கிப் பார்த்தாள். சரித்தாள்.

தான் என்ன செய்கிறோம் என்றே அவளுக்கு உறைக்கவில்லை. எட்டு வயதுக் கை, பழகின வேலையைப் பழகினபடி செய்துகொண்டிருந்தது.

பின்னால் கசகசா இடிக்கிற சத்தம் நின்றது.

யாராவது பார்த்தால் முதுகுக்குத் தெரிந்துவிடும். ஒளிந்து வாழ்கிற பிள்ளைகளின் முதுகு அப்படி. பாவ்லீனாதான் பார்க்கிறாள். ஊர்த்தலைவரின் பெண்டாட்டி. நாளைக்கு ஈஸ்டர், சேர்ந்து ரொட்டி சுடலாம் என்று காலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டவள். ரொட்டி சுட வந்தாளா, வேவு பார்க்க வந்தாளா, யார் கண்டது!

இந்தப் போலந்துக் கிராமத்தில் அவள் பெயர் அக்னேஷ்கா. ப்ரோனியா அத்தையின் செத்துப்போன அண்ணன் மகள். ஊருக்குச் சொன்ன கதை அது. ஜெபமெல்லாம் தலைகீழ்ப் பாடம். சிலுவை போடக் கை தானாகப் போகும். தூக்கத்தில் உளறிவிடக் கூடாதென்று துணியைக் கவ்விக்கொண்டுதான் படுப்பாள்.

முட்டையைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

மூன்றாவது முட்டை கோப்பையில் விழுந்தது. மஞ்சள் கருவின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. கடுகளவுகூட இல்லை.

கை கழிவு வாளியை நோக்கிப் போனது. ரத்தம் பட்ட முட்டை ஆகாது. அம்மாவாக இருந்தால் அப்படியே கொட்டிவிடுவாள். அவர்கள் தெருவில் எந்த யூத வீட்டிலும் அப்படித்தான்.

பாதி வழியில் கை நின்றது.

அடிப் பாவி, என்ன காரியம் செய்தாய்! யுத்த காலம். ஒற்றை முட்டையை ஜெர்மன்காரன் கண்ணில் படாமல் வைக்கோலுக்குள் ஒளிக்கிற ஊர் இது. இங்கே எவள் முட்டையைக் கீழே கொட்டுவாள்? யூதப் பெண்ணைத் தவிர எவள் இத்தனூண்டு புள்ளியைத் தேடுவாள்?

"முட்டைக்குள்ள அப்படி என்னடி தேடுற?" பாவ்லீனா கேட்டாள்.

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அத்தை மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் பிசைவது நின்றுபோயிருந்தது. யூதப் பிள்ளையை ஒளித்துவைத்த வீட்டில் ஒருவரையும் மிச்சம் வைக்க மாட்டார்கள். அத்தையை, மாமாவை, தொட்டிலில் தூங்குகிற கைக்குழந்தையைக்கூட. அவளுக்குத் தெரியும்.

அழுகிப்போனதா என்று பார்த்தேன். இப்படிச் சொல்லலாமா? முடியாது. காலையில் கோழிக்கூண்டிலிருந்து இளஞ்சூட்டோடு எடுத்துக் கொடுத்ததே பாவ்லீனாதான்.

கையிலிருந்த கோப்பையை அப்படியே தன் வாயில் கவிழ்த்தாள்.

ஒரே மடக்கு. வழவழவென்று இறங்கியது. குமட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினாள். அந்தப் புள்ளியோடு சேர்த்து.

"பசிக்குது," என்றாள்.

பளாரென்று விழுந்தது அறை. கன்னமெல்லாம் மாவு.

"திருட்டுக் கழுத! தவக்காலம் முடியறதுக்குள்ள முட்ட கேக்குதா உனக்கு? நாளைக்கு வரைக்கும் பொறுக்க முடியாதா? பாருங்கக்கா, எது நல்ல முட்டன்னு தூக்கித் தூக்கிப் பாத்திருக்கா!"

அத்தை அதுவரை அவளை அடித்ததே இல்லை. கன்னம் எரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. நன்றாகவே அழுதாள். அந்த அழுகையில் பொய் ஒன்றும் இல்லை.

பாவ்லீனா சிரித்தாள்.

"விடு ப்ரோனியா. எங்க வீட்டு வாலுங்களும் இப்படித்தான்."

ரொட்டி இன்னும் அடுப்பேறவில்லை. அதற்குள் வீட்டில் வேலை இருக்கிறதென்று எழுந்துகொண்டாள். வாசலில் நின்று திரும்பி, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கெட்டிக்காரப் பொண்ணு."

எதைச் சொல்கிறாள்? திருட்டையா?

அத்தை சன்னல் திரையை விரலளவு விலக்கிக்கொண்டு நின்றாள். வலது பக்கம் போனால் பாவ்லீனாவின் வீடு. இடது பக்கம் போனால் ஜெர்மன்காரர்களின் காவல் சாவடி. பாவ்லீனா தெருவில் நின்று இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள். பிறகு வலது பக்கம் நடந்தாள்.

அத்தைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தொட்டிலில் குழந்தை சிணுங்கவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சமையலறையில் அவள் மட்டும். கூடையில் முட்டைகள் மிச்சம் இருந்தன.

யாரும் பார்க்கவில்லை. இப்போது தூக்கிப் பார்க்கலாம்.

அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஒரு முட்டையை எடுத்தாள். கிண்ணத்தின் விளிம்பிலேயே தட்டினாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே ஊற்றினாள்.