தரைக்கடியில் தண்ணீர்

“குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரு” என்று ஜம்புலிங்கத்தைப் பார்த்து மேனாம்பேடே சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்யும்? முப்பத்தெட்டாம் வருஷத்துக் கத்திரி வெயில். ஏரி வறண்டு, ஊரே அவர் கிணற்றில்தான் மொண்டது. அவரோ தகரக் கூரை போட்ட முன்னறையைத் தோண்டி, சுட்ட மண் குழாய்களை முறுக்குச் சுற்றுவதுபோல் வளைத்துப் புதைத்து, மேலே சிமெண்டு பூசிவிட்டார். ஏற்றம் இறைத்த தண்ணீர் தரைக்கடியில் சுற்றிவந்து, கொல்லைச் சுவருக்கு வெளியே கொட்டியது. தரையைக் குளிர வைக்கவாம்; பெரம்பூர் ரயில் பட்டறையில் இயந்திரத்தை இப்படித்தான் குளிர வைக்கிறார்களாம்.

உண்மை அவர் மனைவி அன்னம்மாளுக்கு மட்டும் தெரியும். சேரிப் பெண்கள் கிணற்றைத் தொடக்கூடாது. யாராவது மொண்டு ஊற்ற மாட்டார்களா என்று அவர்கள் வெயிலில் குடத்தோடு நின்ற நிற்பு அவரைத் தூங்கவிடவில்லை. நேராக வாய்க்கால் வெட்டினால் ஊர் விடாது. வீட்டுக்குள் புழங்கிய தண்ணீர் என்றால் அது கழிவு. கழிவை யார் மொண்டாலும் கேள்வி இல்லை. இந்தப் பைத்தியத்தை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

ஒரே ஒரு வில்லங்கம். குழாய் ஆழமாகப் போய்விட்டது. தரை குளிரவே இல்லை; தகரக் கூரைச் சூட்டில் தோசைக்கல்லாய்க் காய்ந்தது.

எட்டாம் நாள் உச்சி வெயிலில், அடுத்த வீட்டுச் செங்கல்வராயன் மணியக்காரர் கோதண்டத்தையே அழைத்து வந்துவிட்டான். பின்னால் பத்துப் பேர்.

“கழிவுத் தண்ணின்னு சொல்லிக்கினு சேரிக்கு நல்ல தண்ணி உட்றாரு மாமா. தரை குளுருதான்னு நீங்களே பாருங்க. குளுரலன்னா குழாய அடைச்சுடணும்.”

ஜம்புலிங்கம் ஒதுங்கி வழிவிட்டார்.

கொல்லைச் சுவருக்கு அப்பால் குடத்தோடு நின்ற சேரிப் பெண் வேம்புலியம்மாளின் குரல் மெல்லக் கேட்டது. “நாளிக்கும் தண்ணி வருமாம்மா?”

அன்னம்மாள் திருமுல்லைவாயில் ஈஸ்வரனை வேண்டிக்கொண்டாள்.

கோதண்டம் மேல்துண்டை உதறித் தோளிலிருந்து எடுத்தார். வெற்று முதுகோடு அப்படியே தரையில் மல்லாந்தார். கண்ணை மூடினார்.

“சில்லுனு கீது” என்றார்.

செங்கல்வராயன் குனிந்து தரையில் கை வைக்கப் போனான்.

“மணியக்காரன் நான் சொல்றேன். நீ இன்னா, என்னியே சோதிக்கறியா?”

நீட்டிய கையைச் செங்கல்வராயன் இழுத்துக்கொண்டான்.

“இது கழிவுத் தண்ணிதான். யாரு மொண்டா நமக்கின்னா? போங்க, போய் அவங்கவங்க வேலையப் பாருங்க. எனக்கு எய்ந்துக்கவே மனசு வரல. செத்த கண்ணசந்துட்டு வரேன்.”

குளிர்ச்சியில் படுத்திருக்கிற மனிதரைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. கடைசி ஆள் வாசல் தாண்டும்வரை கோதண்டம் அசையவில்லை.

“எல்லாம் போய்ட்டானுங்களா?”

“போய்ட்டாங்க மாமா” என்றாள் அன்னம்மாள்.

“கொஞ்சம் வெண்ணெ இருந்தா எடுத்துக்கினு வாம்மா. முதுகு வெந்துபூட்ச்சு.”