வெறும் உரல்

"இன்னும் பத்து நிமிஷம் அடக்கிக்க முடியாதா?" என்று ஒருவர் என்னிடம் ஒருமுறை கேட்டார்.

எதற்குமே பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான்.

இன்று காலை எங்கள் நாட்டு மருந்துக்கடையில் விஷயம் தலைகீழ். கூ வாத்தியாருக்கு நேற்று மாலையிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை.

நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை அவருக்கு. மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்திருந்தார். மூக்குக்கண்ணாடியில் வியர்வை சொட்டியது.

மூன்று நாளாகச் சளி. அதற்கு மேல் இது. போதாததற்குச் சோளக்கதிரின் நாரை வேகவைத்து நான்கு சொம்பு குடித்திருக்கிறார். எங்கள் சாவ்சோ ஊரில் யாருக்கு நீர் பிரியாவிட்டாலும் வீட்டில் முதலில் செய்வது அதுதான்.

"நாப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்த மனுஷன். வெளிய போகாததுக்கு மேல உள்ள ஊத்தினா என்ன ஆகும்னு தெரியல பாருங்க!" அழுதுகொண்டே திட்டினார் அவர் மனைவி.

வெங் வைத்தியர் ஒரு கையால் நாடி பிடித்தார். மறுகையால் நகரத்து ஆஸ்பத்திரி வண்டிக்கு போன் போட்டார். வந்து சேர அரை மணி நேரம்.

"குழாய் விடுவாங்களா?" என்றார் வாத்தியார், மனைவிக்குக் கேட்காத குரலில்.

"விடுவாங்க."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வண்டியைவிட அந்தக் குழாய்தான் அவருக்குப் பயம் என்று தெரிந்தது.

வைத்தியர் தன் சின்னச் சிவப்புத் தேநீர்க் கூஜாவை எடுத்தார். மூடியிலிருந்த துளையைக் கட்டைவிரலால் அடைத்துக் கவிழ்த்தார். ஒரு துளி விழவில்லை. விரலை எடுத்தார். கடகடவென்று கொட்டியது.

"நுரையீரல்தான் உடம்புக்கு மூடி, வாத்தியாரே. உங்களுக்கு மேல அடைச்சிருக்கு, அதான் கீழ இறங்கல. நாலு தும்மல் தும்முங்க. வண்டி வர்றதுக்குள்ள பாத்துடலாம்."

தும்மல் பொடிக்காக, துணி துவைக்க உதவும் சீயக்காய் மாதிரியான நெற்றை முகமூடி போட்டுக்கொண்டு இடித்துச் சலித்துக் கொடுத்தது நான்தான். வைத்தியர் அதில் ஒரு சிட்டிகையை நாணல் குழலில் வைத்து வாத்தியாரின் மூக்கில் ஊதினார்.

ஒன்று! கடையில் மருந்துக்கு நின்றவர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். இரண்டு! மூன்று! ஏழாவது தும்மலில் மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. வாத்தியாரின் கண்கள் விரிந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக் கழிப்பறைக்கு ஓடினார்.

எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். நானும்.

பலகைக் கதவு சாத்திக்கொண்டது. மீன்காரி சுவாங் அக்காதான் தொடங்கினாள். கைக்குழந்தையைக் காலில் உட்காரவைத்து ஒலி எழுப்புவோமே, அந்த மாதிரி, "ஷூ... ஷூ..." என்றாள். மற்ற எட்டுப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். அறுபது தாண்டிய வாத்தியாருக்கு ஒன்பது தாய்மார்கள்!

"சும்மா இருங்க! சத்தம் கேக்கணும்," என்று அதட்டினார் வைத்தியர்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அடுப்பில் கொதித்த பானையைக்கூட யாரோ இறக்கிவைத்தார்கள். எல்லோருடைய காதுகளும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

ஒன்றுமில்லை.

"என்னங்க, வருதா?"

"இல்ல." உள்ளேயிருந்து வந்தது வாத்தியாரின் குரல் மாதிரியே இல்லை. ஒரு பிள்ளையின் குரல்.

சந்து முனையில் வண்டியின் சங்கு ஊதியது.

அந்த அமைதி எனக்குத் தெரியும்.

கடைக்குள் ஓடினேன். வெண்கல உரலைப் பிடித்துக்கொண்டு உலக்கையால் ஓங்கி இடித்தேன். டங்! டங்! டங்! சுவரில் இருந்த மருந்துப் பெட்டிகளின் கைப்பிடிகள் எல்லாம் கிணுகிணுத்தன.

"ஏ பொண்ணே! பைத்தியமா உனக்கு? நிறுத்து!" வைத்தியர் கத்தினார்.

நான் நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக இடித்தேன். தோள்பட்டை எரிந்தது. முகமூடி கழுத்துக்கு இறங்கியது. வாசலில் வண்டி வந்து நின்றதைக்கூட நான் கேட்கவில்லை.

கழிப்பறைக் கதவு திறந்தது.

வாத்தியார் நிமிர்ந்து நின்றார். "நிக்கவே இல்ல. அது பாட்டுக்கு வந்துட்டே இருந்துச்சு," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

கடையே ஆர்ப்பரித்தது. சுவாங் அக்கா கை தட்டினாள். வைத்தியர் கூஜாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, "மூடி திறந்துச்சு பாத்தீங்களா!" என்றார். ஆனாலும் விடவில்லை; வண்டியில் ஏறிப் போய்ப் பரிசோதித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வாத்தியாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த நேரம் பாத்து என்னத்தடி இடிச்ச கண்ணு? உன் பேரென்ன?"

"யூன்சியூ. அது வாயே திறக்காது," என்று எனக்காக வைத்தியர் சொன்னார்.

வாசலுக்குப் போய்விட்ட வாத்தியார் பெயரைக் கேட்டதும் திரும்பினார்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல வந்து, குனிந்து, உரலுக்குள் பார்த்தார். உள்ளே எதுவும் இல்லை.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள், இதே வாத்தியாரின் கணக்குப் பரீட்சை. நான் கை தூக்கியபோது முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. முப்பத்தெட்டுப் பேர் இருந்தும் அவர் வகுப்பில் பேனா உரசும் சத்தம் மட்டும்தான். அதனால் என் பெஞ்சிலிருந்து தரையில் சொட்டியது கடைசி வரிசைவரை கேட்டது. மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலேயே மாட்டிக்கொண்டார். உதடு ஒருமுறை அசைந்தது.

பிறகு வண்டியை நோக்கி நடந்தார்.